கீழ் முன்பல்லில் மறைந்திருக்கும் இரண்டாம் குழல்

வேர்சிகிச்சை முடிந்த கீழ் முன்பல்லில் மீண்டும் வலியோ சீழ்க்கட்டியோ தோன்றினால், பேகம்பூரிலிருந்து வரும் நோயாளிக்கு, 'பிடுங்கிவிடலாமா?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. சற்றுப் பொறுங்கள்.

அப்பல்லுக்கு வேர் ஒன்றுதான். வேரினுள் குழலும் ஒன்றே என்று கொள்ள இயலாது. 1974-இல் பெஞ்சமின், டாவ்சன் ஆகியோர் 364 கீழ் வெட்டுப்பற்களை ஆராய்ந்ததில், 41 விழுக்காட்டுப் பற்களில் இரு குழல்கள் காணப்பட்டன. பெரும்பாலும் அவை வேர்நுனியை அடையுமுன் ஒன்றாகிவிடுகின்றன.

ஒரு குழல் உதட்டுப் பக்கம், மற்றொன்று நாக்குப் பக்கம். முன்னிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில், வரிசையில் நிற்பவருக்குப் பின்னால் நிற்பவர் மறைவதுபோல், நாக்குப் பக்கக் குழல் மறைந்துவிடுகிறது. சுத்தம் செய்யப்படாத அக்குழலில் கிருமிகள் தங்குகின்றன.

கருவியைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தாலே பல வேளைகளில் ஐயம் தீரும். தீராவிடில், வேரைக் குறுக்காக வெட்டிக் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் உதவும். சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட அதில் கதிர்வீச்சு மிகுதி; எனவே அனைவருக்கும் அது வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம்.

விடுபட்ட குழல்தான் காரணமெனில், மறு வேர்சிகிச்சையால் பல்லைக் காக்க வாய்ப்புண்டு. முந்தைய எக்ஸ்ரே படங்களைத் தவறாமல் கொண்டு வாருங்கள்.