உங்களுக்குத் தெரியுமா? 2.8 மி.மீ. வம்பு

டெல்லி கிட்வாய் நகர்ப் பக்கம் ஓடும் ரிங் ரயில்வே, 1975-இல் சரக்கு ரயில்களுக்காகத் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட சரக்கு ரயில்களில் நிலக்கரி ஏற்றும் 'பாக்ஸ்-என்' வேகனின் நீளம் சுமார் 10.7 மீட்டர். 1:87 ('எச்.ஓ.') அளவில் மாடல் செய்தால் 12.3 செ.மீ. உடம்புக்குக் கவலையில்லை, மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, விலாக் கம்பிகளுக்குப் பட்டை பட்டையாக நறுக்கிப் பதித்துவிடலாம். இடிப்பது சக்கரத்தில்தான். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; சுருக்கினால் சுமார் 19.3 மி.மீ. கடையில் வாங்கும் எச்.ஓ. சக்கரமோ 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கானது. ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்கு அளவெடுத்த கணக்கு அது! பலரும் அந்தக் குறுகல் தண்டவாளத்திலேயே ஓட்டிச் சமாளிக்கிறார்கள். வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நிஜ வண்டிகளை நிதானமாகப் பார்க்க, சாணக்யபுரியில் 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.