"டா" போட்டுப் பேசும் ஆங்கிலம்!
தாம்பரம் ரெயிலில் கேட்கும் புதுப் பேச்சு

காலை 8 மணி. தாம்பரம் ரெயில் நிலையம். கல்லூரி மாணவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள்.

"ஹி இஸ் லைக் தட் ஒன்லி டா!"

இப்படி ஒரு குரல் கேட்கும். "அவன் அப்படித்தான்டா" என்பதுதான் இதன் பொருள். நம் "தான்", ஆங்கிலத்தில் "ஒன்லி" ஆகிவிட்டது. "டா"வோ அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது.

இதைச் சொன்னவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. வடநாட்டில் இருந்து படிக்க வந்தவனும் இப்படிப் பேசுகிறான்! அவனுக்கு "டா"வைக் கற்றுக்கொடுத்தது யார்? வாத்தியார் அல்ல. பக்கத்தில் நிற்கும் தோழன்தான்.

பல ஊர் மக்கள்

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, நகரை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படை நிலையம் இருக்கிறது. 1984-ல் ஏற்றுமதி வளாகமும் வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் பல மாநில மக்கள் இங்கே குடியேறினார்கள். பேச்சும் கலந்தது.

இது புதிய கதையா? இல்லை. இதே ரெயில் பாதையில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. ஆங்கிலமே அவர்கள் தாய்மொழி. ஆனால் அது வெள்ளைக்காரன் பேசிய ஆங்கிலம் அல்ல. "வாட் மென்!" என்று நண்பனை அழைப்பது அவர்கள் வழக்கம். ஒருவனைத்தான் அழைப்பார்கள், ஆனாலும் "மென்"தான்!

அவ்வளவு ஏன்? நம் கட்டுமரமும், சுருட்டும், மிளகுத் தண்ணியும் சீமை அகராதியிலேயே ஏறிவிட்டனவே!

லண்டனிலும் இதே கதை

லண்டனில் ஹாக்னி என்ற பகுதி உண்டு. 2004 முதல் 2007 வரை அங்கே இளைஞர்களின் பேச்சை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஜமைக்கா, ஆப்பிரிக்கா, வங்காளதேசம் என்று பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே சேர்ந்து வளர்கிறார்கள். அவர்களிடையே ஒரு புது ஆங்கிலம் பிறந்திருந்தது. பல இனத்தாரோடு பழகிய வெள்ளையர் பிள்ளைகளும் அதே ஆங்கிலம் பேசினார்கள்! பிறப்பு அல்ல, நட்புதான் பேச்சை மாற்றியது.

ஏன் சிரிக்க வேண்டும்?

தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறாள் ஒரு பெண். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசுகிறாள். வகுப்பு சிரிக்கிறது. அன்று மூடிய வாயை அவள் பிறகு திறப்பதே இல்லை. எத்தனை வீடுகளில் இந்தக் கண்ணீர்!

சிரித்தவர்களின் ஆங்கிலம் மட்டும் சீமை ஆங்கிலமா? அவர்களும் "ஒன்லி டா" என்றுதானே பேசுகிறார்கள்?

வீட்டில் கட்ட ஒரு சேலை, கல்யாணத்துக்கு ஒரு சேலை இருக்கிறது அல்லவா? பேச்சும் அப்படித்தான். பரீட்சைக்கும், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் இலக்கண ஆங்கிலம் வேண்டும். அதைப் படித்தே தீரவேண்டும். தோழர்களோடு பேச, தோழர்களின் ஆங்கிலம் போதும்.

பெற்றோர்களே! பிள்ளைகள் நாலு பேரோடு பழகட்டும், பேசட்டும். பேசப் பேசத்தான் பேச்சு வரும். கேலிக்குப் பயந்து வாயை மூடினால், எந்த மொழியும் வராது!