ஐம்பது நிமிஷமும் ஐந்து மணி நேரமும்

"சென்னை என்ன பெரிய தூரம்? ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பதற்குள் மதுரை வந்துவிடும்!" என்கிறார் மாப்பிள்ளை. பெண்ணுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பை முடித்து, மாம்பலத்திலிருந்து பழங்காநத்தத்துக்கு அழைத்து வர வேண்டும். "ஒன்பதாம் மாசத்தில் ஆகாயத்தில் பறப்பதாவது!" என்கிறாள் தாயார். இந்த வழக்கில் யார் கட்சி நியாயம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். ரயிலோ விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று வளைந்து வருவதால் எழும்பூரிலிருந்து 490 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டியிருக்கிறது. சுழல்விசிறி வைத்த சிறிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பறக்கும். ஆக, ஐம்பது நிமிஷம். மாப்பிள்ளையின் காப்பிக் கணக்கு சரிதான்! ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகிவிடும்.

அதோடு முடிந்ததா? மாம்பலத்திலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி. இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். மதுரையில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருப்பது அரை மணி. பெருங்குடி, அவனியாபுரம் வழியாக வீடு வந்து சேர இன்னொரு அரை மணி. வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு ஐந்து மணி நேரம்!

ரயில் கட்சியையும் விசாரிப்போம். 1977 ஆகஸ்டு 15 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸுக்கு இப்போதும் ஏழு மணிக்கு மேல் பிடிக்கிறது. 2019-ல் வந்த தேஜஸ் ஆறேகால், ஆறரை மணியில் வந்துவிடும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் ஆறு மணிக்குள் மதுரையைத் தொடுகிறது. இரு பக்கமும் வீட்டுக்குப் போய்வரும் நேரத்தைச் சேர்த்தால் ஏழு மணி நேரம். விமானத்தால் மிச்சம் இரண்டே மணிதான்!

ஆனால் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது கடிகாரம் அல்ல, டாக்டர். கர்ப்பம் 32 வாரம் தாண்டினால் விமானக் கம்பெனிகள் பொதுவாக டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கின்றன. 36 வாரம் கடந்தவர்களை ஏற்றுவதில்லை. ஒன்பதாம் மாதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே நாள் பார்ப்பதோடு வாரத்தையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

டாக்டர் சரி என்றால் பறக்கலாம். பெல்ட்டை வயிற்றுக்கு மேலே மாட்டாமல் அடிவயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். கால் மரத்துப்போகாமல் எழுந்து நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உட்கார்ந்து வர முடியாத பெண்ணுக்கு இரவு ரயில்தான் சௌகரியம். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

வாரம் தாண்டிவிட்டதா? வீண் பிடிவாதம் வேண்டாம். பிரசவம் சென்னையிலேயே நடக்கட்டும். பெண் பறக்கக்கூடாத வாரத்திலும் தாயார் தாராளமாகப் பறக்கலாமே! நடுராத்திரியில் "வலி எடுத்துவிட்டது" என்று போன் வந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம். மதுரையிலிருந்து அடுத்தாற்போல் எது கிளம்புகிறதோ, அதுதான் அன்றைக்கு வேகமான வாகனம்.