ஒரு கோப்பு, 85 லட்சம் கணினிகள்

பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறுகிறார்கள். 2024 ஜூலை 19 அன்று சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கணினிகள் முடங்கின. விமானங்கள் தாமதமாயின, சில ரத்தாயின. பல இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் அன்று நீலத்திரை காட்டி நின்றன.

வைரஸ் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய அப்டேட் கோப்பு ஒன்றுதான் காரணம். மென்பொருளிடம் இருந்தவை 20 தரவுகள். புதிய கோப்போ 21-ஆவதைக் கேட்டது. அதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை மென்பொருள் படிக்கப் போனது.

நின்றது ஏன்?

பிரவுசர் இப்படித் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் ஒதுக்கி, மற்றதைத் தொடவிடாமல் இயங்குதளம் காவல் காக்கிறது. அதன் மையமான கெர்னலுக்குள் அந்தக் காவல் இல்லை. பாய் கிழிந்த படகு எப்படியும் கரை சேரும். அடிப்பலகை பிளந்தால் சேராது. கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் ஓடியது கெர்னலுக்குள். கெட்டுப்போன நினைவகத்தோடு தொடர்ந்தால் வட்டிலுள்ள தரவும் பாழாகலாம் என்பதால் விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொண்டது. அந்த நீலத்திரை ஒரு தற்காப்பு.

78 நிமிடத்தில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் கணினியை இயக்கும்போதே அந்த மென்பொருளும் ஏறுவதால், விழுந்தவற்றில் பல மறுபடி மறுபடி விழுந்தன. அந்தந்த இடத்து ஊழியர்கள் ஒவ்வொரு கணினியிலும், அடிப்படை மென்பொருள் மட்டும் ஓடும் ‘சேஃப் மோடு’க்குப் போய்க் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

நம் கடைக் கணினி

நம் ஊர்க் கணினிகள் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: பழுதான ரேம், பொருந்தாத டிரைவர், தூசி அடைத்த விசிறியால் ஏறும் சூடு. கடலோரத்து உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கோப்பு எழுதப்படும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் சிதையலாம். யுபிஎஸ் வைப்பதும் தரவுக்கு வேறிடத்தில் நகல் எடுப்பதும் அவசியம். நீலத்திரை வந்தால் அதிலுள்ள பிழைக் குறியீட்டைப் படமெடுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அதுவே முதல் துப்பு.

பிழையே இல்லாத மென்பொருளை எவராலும் எழுத முடியாது. ஆனால் ஒரு பிழையை ஒரே நேரத்தில் உலகம் முழுவதற்கும் அனுப்பாமல் இருக்க முடியும். சில நூறு கணினிகளில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். விமானமும் மருத்துவமனையும் வங்கியும் நம்பியிருக்கும் மென்பொருளுக்கு இதை அரசுகள் கட்டாயமாக்க வேண்டும்.