செம்மண்ணின் நிறமும் சூரிய ஒளியின் வேலையும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்க்குச் செம்மண் புதிதன்று. மழைநாளில் காலில் ஒட்டிய அம்மண்ணின் சிவப்புக்குப் பெரிதும் காரணமானது ஹெமடைட் எனும் இரும்பு ஆக்சைடு. அதே சேர்மத்தைத் தூய நிலையில் மீநுண் வடிவில் ஆக்கினால், சூரிய ஒளியால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறத் துணைசெய்யும். அதன் இனத்தைச் சேர்ந்த பிற உலோக ஆக்சைடுகள் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தவும் பயன்படும். அவ்வழியை இங்கு நாம் காண்போம்.

1972இல் ஃபுஜிஷிமா, ஹோண்டா எனும் ஜப்பானிய அறிஞர்கள், நீரில் வைத்த டைட்டேனியம் டைஆக்சைடின்மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரிக்கலாம் என்று அறிவித்தனர். ஒளி பட்டதும் ஆக்சைடிலுள்ள எதிர்மின்னி ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் ‘துளை’ என்கிறோம். எதிர்மின்னி ஹைட்ரஜனை உண்டாக்க, துளை நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. கழிவுநீரிலோ, துளைகளால் உண்டாகும் வினைமிகு துகள்கள் கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன.

ஆயினும் வெண்ணிறமான அவ்வாக்சைடு புறஊதாக் கதிரை மட்டுமே ஏற்கும். சூரிய ஆற்றலில் அது நூற்றில் ஏறத்தாழ 5 பங்கே. ஹெமடைட் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிச் சிவப்பை விட்டுவிடுகிறது; ஆதலால் பயன்படும் ஒளி மிகுதி. அதன் குறை வேறு. துளை அதனுள் 2 முதல் 4 நானோமீட்டர் வரையே செல்லும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்காவிடில் எண்ணெயின் தரம் கெடும். அதனாலேயே தோட்டத்தினுள் பாதைகள் அடுத்தடுத்து அமைகின்றன. துளையின் நிலையும் அதுவே. தடித்த படலத்தில் அது நீரை அடையுமுன் எதிர்மின்னியோடு சேர்ந்து மறையும்; மெல்லிய படலத்திலோ ஒளி தங்காது. லாலாங் புல்லைப்போல் நிமிர்ந்த நுண்தண்டுகளாக வளர்த்தால், ஒளி நீளவாட்டில் உள்வாங்கப்படும். துளை பக்கவாட்டில் சிறிது நகர்ந்தாலே நீரைத் தொடும். நானோ வடிவின் பொருள் இதுதான்.

செம்பனை ஆலைக் கழிவுநீர் குட்டைகளில் நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கப்பட்ட பின்னும் பழுப்பு நிறம் எஞ்சுகிறது. அதனை டைட்டேனியம், துத்தநாக ஆக்சைடுகளால் மேலும் தெளியச்செய்யும் ஆய்வுகள் மலேசியாவில் நடந்துள்ளன. ஆலையிலிருந்து வரும் அடர்ந்த கழிவுநீருள் ஒளி புகாது; ஆகவே இம்முறை குட்டைகளுக்கு மாற்றாகாது, இறுதிப் படியாகவே உதவும். கலந்த தூளை நீரிலிருந்து மீட்பதும் எளிதன்று. ஹெமடைட்டும் தனித்து ஹைட்ரஜன் தராது. புறத்திலிருந்து சிறிது மின்னழுத்தம் தர வேண்டும்.

நீலாயை அடுத்த பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஒளியால் ஹைட்ரஜன் பெறும் ஆய்வை நடத்திவருகிறது. 2023இல் நாட்டின் ஹைட்ரஜன் திட்டமும் வெளியாயிற்று. ஆலைநீர் சேரும் ஆற்றங்கரையில் வாழும் நாம் இவ்வறிவியலைப் புரிந்துகொண்டால், அது தருவதையும் தராததையும் பிரித்தறிந்து கேள்வி கேட்க இயலும்.