மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர்

இலங்கையில் 2022 ஓகஸ்டுக்கு முன்பு, மாதம் 30 அலகு எரித்த வீட்டுக்குக் கரண்ட் பில் 105 ரூபாய். அந்த ஓகஸ்டில் 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. சப்ரகமுவவின் யட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ கொழுந்து பறிப்பவரின் அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபாய். இரண்டு பல்பும் ஒரு டிவியும் உள்ள லயத்து வீட்டில், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, முழுசாய்ப் போனாலும் பில் அடையவில்லை.

பிறகு கட்டணம் ஏறியும் இறங்கியும், 2025 ஜூன் திருத்தத்தின்படி அதே 30 அலகுக்கு 215 ரூபாய் என்று வந்தது, வரி தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகை மீட்டரைப் பார்த்துத்தான் கிடைக்கும். சப்ரகமுவ லயங்களில் மீட்டருக்கும் வீட்டுக்கும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. ஒரு மீட்டரிலிருந்து பக்கத்துக் காம்பராக்களுக்கு வயர் இழுப்பது பழைய கதை. மூன்று வீடு, வீட்டுக்கு 30 அலகு என்றால் மீட்டர் 90 காட்டும். அதே திருத்தத்தின்படி 60ஐத் தாண்டினால் விலையே வேறு: முதல் 60 அலகுக்கும் 12 ரூபாய் 75 சதம், அடுத்த 30க்கு 18 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,720 ரூபாய். பங்கு போட்டால் வீட்டுக்கு 573. தனி மீட்டர் இருந்தால் 215. யாரும் திருடவில்லை, மீட்டரும் பிழையில்லை. ஆனாலும் ஏழை வீடு இரண்டரை மடங்குக்கு மேல் கட்டுகிறது.

தனி மீட்டர் எடுத்தால் என்ன என்று டவுனில் இருப்பவர் கேட்பார். வீட்டுக்கு உறுதி இருப்பவருக்கு அது ஒரு விண்ணப்பம். லயத்துக்காரருக்கு உறுதி ஏது? 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயம் இன்றும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். தனி மீட்டருக்கு வழக்கமாகத் தோட்டத் துரையின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை வாயால் கேட்காமல் எழுதிக் கேட்டு, பிரதியில் தோட்ட ஆபிசின் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. பிற்பாடு தாமதத்தைக் காட்ட வேறு சாட்சி இருக்காது.

இன்னொரு சிக்கல், காசு கைக்கு வருமுன் கழிந்துவிடுவது. சம்பளச் சீட்டைப் பாருங்கள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில் கணக்கு, சில தோட்டங்களில் கரண்டும். அடுத்தவர் எழுதும் கணக்கு மலையகத்துக்குப் புதிதல்ல. கங்காணி காலத்தில் தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். எழுதியது சரியா என்று கேட்க ஆளில்லை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இன்று சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவாக இருந்தாலும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்டார்களா என்பது வேறு விடயம். என்ன கணக்கில் கழித்தார்கள் என்று சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் கிளார்க்கிடம் கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்கு எழுதலாம்.

சொந்தப் பெயரில் பில் வருபவர் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, திகதிகளை. மீட்டர் பார்ப்பவர் மழையிலும் மண்சரிவிலும் பத்து நாள் பிந்தி வந்தால் அலகு 60ஐத் தாண்டக்கூடும். 2025 ஜூன் கட்டணப்படி 60 அலகுக்கு 585 ரூபாய்; 61க்கு 1,183 ரூபாய் 50 சதம். நாட்கள் கூடினால் அலகு எல்லையும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மீட்டர் எண்ணையும் அன்றைய இலக்கத்தையும் போனில் படமெடுத்து, பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. பழைய மீட்டர் வாசிப்புகளைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

கடை விவகாரம் வேறு கதவு. குறித்த விலைக்கு மேல் விற்றால் 1977க்கு அழைக்கலாம். அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. வாங்கிய பொருள் பழுதென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தருவது கடைக்காரரின் கடமை. ஆனால் கடன் கொப்பியில் வாங்குபவர் பில் கேட்டால், அடுத்த மாதம் அரிசி கிடைக்குமா? சட்டம் எழுதியவர்கள் கொப்பியைப் பார்த்ததில்லை போலும். குறைந்தது, கொப்பியில் தொகையை மட்டும் எழுதவிடாமல் சாமானின் பெயரையும் விலையையும் எழுதச் சொல்லலாம்.

இவ்வளவையும் எந்த மொழியில் எழுதுவது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதில் சிங்களத்தில் வந்தால், அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்.