தள்ளாமைக்கும் அளவு உண்டு

தாழ்வாரத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். நடுவில் 4 மீட்டர். "எப்பவும் போல நடங்க அத்தை, அவசரம் வேண்டாம்" என்றேன். "எதுக்குடா, பந்தயமா?" என்று சிரித்தபடி சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். கைபேசிக் கடிகாரம் 7 வினாடி காட்டியது.

ஐந்து வினாடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. அத்தைக்கு வயது 79. நாற்காலியில் கையூன்றாமல் எழ முடியவில்லை, ரவிக்கை தோளில் நழுவுகிறது, ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறார். இத்தனையையும் பார்த்துவிட்டு "வயசாயிடுச்சு" என்ற ஒரே சொல்லில் நாங்கள் முடித்துவைத்திருந்தோம். அது தவறு.

வழக்கில் தள்ளாமை என்கிறோமே, அதை மருத்துவம் இன்று தனி நிலையாகவே பார்க்கிறது. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் குழுவினரும் 2001இல் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயலாமலே ஒரு வருடத்தில் நாலரைக் கிலோவோ அதற்கு மேலோ எடை குறைவது, எதைச் செய்தாலும் அசதி, கைப்பிடியில் வலுவின்மை, மெதுவான நடை, குறைந்துபோன நடமாட்டம். மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசற்படி. சேமிப்பே இல்லாத வீட்டுக்குத் திடீர்ச் செலவு வந்தால் என்ன ஆகும்? அப்படித்தான் இந்த உடம்புக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல். மூன்று நாளில் தணிந்துவிடும். ஆள் எழுந்து நடமாட மாதங்கள் ஆகும், சிலர் எழுவதே இல்லை.

ஜப்பானில் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். அத்தையின் காலில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அளந்தபின் காரணம் தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கூடிக்கொண்டே போகும் மருந்துச் சீட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். அத்தைக்கு பல்செட். ஒரு வருடமாக அது ஈறில் குத்தியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ரசம் சாதமும் பாலில் தோய்த்த ரஸ்க்குமாக ஓட்டியிருக்கிறார். தசை எங்கிருந்து வரும்? முதியவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும். 50 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும்.

சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறிலும் தசை வளர்கிறது! மறுபக்கம், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. "நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்று பாசத்தோடு சொல்லும்போதெல்லாம் இந்தப் பத்து நாள்தான் என் நினைவுக்கு வருகிறது.

பல்செட்டை மாற்றினோம். கனமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஆள் நிற்க, காலையும் மாலையும் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. தேவைப்படுவோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மூன்று மாதம் ஆகிறது. அத்தையின் நடை இப்போது ஐந்தரை வினாடி. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை எழுதிவைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்.